ரோடு அடைச்சிருந்தா மொத்தக் கணக்கையும் திரும்ப போடணுமா?

குறுக்கு வழி கண்டுபிடிக்கிற கணக்குன்னாலே நெதர்லாந்து கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா பேருதான் முதல்ல வரும், 1956-ல ஆம்ஸ்டர்டாம்ல ஒரு காபி கடையில உக்காந்து 20 நிமிஷத்துல யோசிச்சது, 1959-ல வெளியாச்சு. கிளம்புற எடத்துலேர்ந்து தண்ணி பரவுற மாதிரி ஒவ்வொரு ஜங்ஷனா தூரத்தை குறிச்சிட்டே போகும். அருமையான கணக்கு, ஆனா போற வழியில ரோடே மாறுனா? வண்டியும் நகர்ந்துடுச்சு, கிளம்புன எடத்துலேர்ந்து எடுத்த அளவு எதுக்கு ஆகும், திரும்ப முதல்லேர்ந்து போட வேண்டியதுதான்.

1994-ல ரோபோ ஆராய்ச்சியாளர் ஆண்டனி ஸ்டென்ட்ஸ் கொண்டுவந்த டி-ஸ்டார்ங்கிற கணக்கு இதை தலைகீழா பண்ணுது, அதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். போய் சேர வேண்டிய எடத்துலேர்ந்து பின்னாடி வரும். ஒவ்வொரு ஜங்ஷன்லயும் "இங்கேர்ந்து இன்னும் இத்தனை நிமிஷம்"னு போர்டு மாட்டுன மாதிரி நினைச்சுக்கோங்க, வண்டி எங்க நகர்ந்தாலும் போர்டு பொய்யாகாது.

இப்ப உங்க ஜங்ஷன் போர்டுல 9. பக்கத்து ஜங்ஷன்ல 7, அங்க போக 2 நிமிஷம். திடீர்னு அந்த ரோடு அடைச்சாச்சு. இன்னொரு பக்கம் இருக்குற ஜங்ஷன்ல 8, ஆனா போக 3 நிமிஷம், அப்போ உங்க போர்டு 11 ஆகணும். அந்த 8-ஐ நம்பலாமான்னு கேட்டா தாராளமா நம்பலாம், 9-ஐ விட கம்மியா இருக்குறதால அது உங்க வழியா போயிருக்கவே முடியாது. உங்க 9-ஐ நம்பி இருந்த ஜங்ஷனை மட்டும் வரிசையில போட்டு திருத்துனா போதும், மத்ததை தொடவே வேணாம். 2002-ல கோனிக், லிகாச்செவ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதையே இன்னும் எளிமையாக்கி டி-ஸ்டார் லைட்னு கொடுத்தாங்க.

அடைப்பு போய் சேர்ற எடத்துக்கு பக்கத்துல இருந்தா பாதி மேப் போர்டு மாறிடும், அப்ப புதுசா போடுறதே மேல். ஆனா தானா ஓடுற வண்டியில இருக்குற கேமராவுக்கு தெரியுற தடை வண்டிக்கு பக்கத்துலதானே இருக்கும், அந்த எடத்தை நம்பி இருக்குற போர்டு கொஞ்சம்தான்.

செவ்வாய் கிரகத்துல ஓடுன ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ரோவர்களுக்கு இதோட ஒரு வகையான ஃபீல்டு டி-ஸ்டாரை அனுப்புனாங்க. பாறை பக்கத்துல போனாத்தான் தெரியும், பூமியை கேட்டா பதில் வரவே பல நிமிஷம் ஆகும், உள்ள இருந்த ப்ராசஸரோ வெறும் 20 மெகாஹெர்ட்ஸ்.