கருவாலியை இளமைக்குத் திருப்பும் கலை

தில்லி மயூர் விஹாரில் நம்மவர் வீட்டருகே நிற்கும் முருங்கை, பெரும்பாலும் யாரோ ஒடித்துக் கொடுத்த கொம்பிலிருந்து துளிர்த்ததாகவே இருக்கும். கோடை விடுமுறைக்கு நைனிதால் செல்வோர் காணும் பாஞ்ச் என்னும் இமயமலை ஓக் மரத்தை, அதாவது கருவாலியை, அவ்வாறு வளர்த்துவிட முடியாது. முதிர்ந்த ஓக்கின் போத்து எளிதில் வேர்விடுவதில்லை. அதன் விதையை நெல்லைப்போல் உலர்த்திச் சேமித்தால் உயிர் போய்விடும். காய்ப்பும் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுபடும். விதைக்கன்று தாய்மரத்தை அச்சு அசலாக ஒத்திருப்பதும் இல்லை. எனவே, தேர்ந்தெடுத்த ஒரு மரத்தை அப்படியே பெருக்குவதற்கு, செடியின் சிறு துண்டைக் கிருமியற்ற குடுவையில் வளர்த்து முழுச்செடியாக்கும் திசு வளர்ப்பை நாடுகிறார்கள்.

எந்தத் துண்டை எடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. உச்சிக் கிளை நேற்று முளைத்ததாயினும் அதன் இயல்பு பூக்கும் பருவத்தை எட்டியது. அடிமரமோ, வயதில் மூத்ததாக இருந்தும், கன்றுப் பருவத்தின் இயல்பைத் தன்னுள் வைத்திருக்கிறது. மர உயிரியலில் என்னை இன்றும் வியக்கவைக்கும் உண்மை இது. ஆகவே அடிமரத் தளிர்களை எடுக்கிறார்கள். அல்லது பருத்த கிளைத்துண்டுகளை ஈரப்பதம் மிகுந்த அறையில் வைத்து, பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளை எழுப்பி, அவற்றின் தளிர்களைப் பயன்படுத்துகிறார்கள்.

கிருமிநீக்கம் செய்த கணுத்துண்டைக் கண்ணாடிக் குடுவையில் வைத்த சில நாட்களில், வெட்டுவாயைச் சுற்றியுள்ள அகர் கூழில் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் ஒரு வளையம் படர்வதைக் காணலாம். காயம்பட்ட திசுவிலிருந்து கசியும் பீனால் சேர்மங்கள் ஆக்சிஜனுடன் வினைபுரிவதால் வரும் கறை அது. அப்படியே விட்டால் துண்டையே கொன்றுவிடும். அடிக்கடி புதிய ஊடகத்துக்கு, அதாவது புதிய ஊட்டக்கூழுக்கு, மாற்றுவதும், கரித்தூள் சேர்ப்பதும் இதற்கான தீர்வு.

திசு வளர்ப்பில் பரவலாகப் பயன்படும் 1962ஆம் ஆண்டின் முராஷிகே-ஸ்கூக் ஊடகத்தில் உள்ள நைட்ரஜன் உப்புகள் பல மரவகைகளுக்கு மிகை. 1980இல் மரத்தாவரங்களுக்கென உருவாக்கப்பட்ட, உப்பு குறைந்த ஊடகம் ஓக்குக்குப் பெரும்பாலும் பொருந்துகிறது. தாவர வளர்ச்சி ஊக்கிகளான சைட்டோகைனின், ஆக்சின் இரண்டில் சைட்டோகைனின் மிகுந்தால் தளிரும், ஆக்சின் மிகுந்தால் வேரும் உருவாகும் என்பதை ஸ்கூக்கும் மில்லரும் 1957இல் புகையிலைத் திசுவில் காட்டினர். ஓக்கிலும் முதலில் சைட்டோகைனினால் தளிர்களைப் பெருக்கி, பின்னர் ஆக்சினால் வேர்விட வைக்கிறார்கள். தளிரின் நுனியைக் கிள்ளிவிட்டு அதை நிமிர்த்தாமல் கூழின்மீது படுக்கவைத்தால் பக்கமொட்டுகள் கூடுதலாக விழித்தெழுகின்றன.

தில்லிக்கு இத்துறை புதிதன்று. 1964இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப்பையை வளர்த்து ஒற்றைமயச் செடிகளை, அதாவது வழக்கமான குரோமோசோம்களில் பாதியே கொண்ட செடிகளை, பெற்றது உலகறிந்த செய்தி.

வேர்விட்ட கன்றைக் குடுவையிலிருந்து எடுத்ததும் வெயிலில் வைத்தால் வாடிவிடும். ஈரம் நிறைந்த காற்றிலேயே வளர்ந்ததால் அதன் இலையில் மெழுகுப் பூச்சு மெல்லியதாகவும், இலைத்துளைகள் சரிவர மூடாதவையாகவும் இருக்கும். அதனால் முதலில் நெகிழித்தாளால் மூடி, பல நாட்கள் சிறிது சிறிதாகத் திறந்து பழக்குகிறார்கள். பாஞ்ச் குளிர்ந்த மலைச்சரிவுகளின் மரம் என்பதால், தில்லியின் மே மாத அனலில் இதைச் செய்வதைவிட, குடுவைகளையே மலைக்கு ஏற்றி அங்குள்ள நிழல்வலைக் குடிலில் பழக்குவது நல்லது என்பது என் கருத்து.