வெயிலைக் கூட்டுவது மட்டுமல்ல, கரியமில வாயு

ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவே இறால் குட்டை வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் பரிசோதித்துக் கொடுப்பது என் வேலை. கரியமில வாயு என்றாலே எல்லோரும் வெயிலைத்தான் பேசுகிறார்கள். வெயில் ஒருபுறம் இருக்கட்டும். அந்த வாயு நேரடியாகவே தண்ணீரையும் பயிரையும் மாற்றுகிறது.

குட்டைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். ராத்திரி முழுக்க இறாலும் பாசியும் விடும் மூச்சு தண்ணீரில் கரைந்து அமிலமாகிறது. விடியற்காலையில் மீட்டரை வைத்தால் பிஎச் (குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று காட்டும் அளவு) 7.7 காட்டும். வெயில் ஏறியதும் பாசி அந்த வாயுவை எடுத்துக்கொள்ள, மூன்று மணிக்கு அதே குட்டை 8.5-க்குப் போய்விடும்.

கடலிலும் இதே கணக்குதான். நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அங்கே அது வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. கடல் மேற்பரப்பின் பிஎச் 8.2-லிருந்து 8.1-க்கு வந்துவிட்டது. புள்ளி ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள். அமிலத்தன்மையில் அது சுமார் 30 சதவீத உயர்வு.

மட்டி, ஆளி போன்ற சிப்பி வகைகள் ஓடு கட்டுவது தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் கார்பனேட்டையும் கொண்டு. அமிலம் கூடினால் கார்பனேட் குறையும். முதலில் அடிபடுவது குஞ்சுப் பருவம். கடலோடு இணைந்த பழவேற்காடு ஏரியில் மழைக்கு நன்னீர், கோடைக்குக் கடும் உப்பு என்று தண்ணீர் மாறிக்கொண்டே இருப்பதால் அங்குள்ள உயிர்களுக்கு இது பழக்கம் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடலின் பிஎச்சே கீழே இறங்கினால், ஏரியின் மோசமான நாட்கள் இன்னும் மோசமாகும்.

சூளூர்ப்பேட்டைப் பக்கம் நெல் போடும் ஒருவர் கேட்டார்: “இந்த வாயு செடிக்குச் சாப்பாடுதானே சார், கூடினால் நல்லதுதானே?” விளைச்சல் கூடலாம், சரி. ஆனால் சத்து? சீனாவிலும் ஜப்பானிலும் திறந்த வயலில் இந்த வாயுவைக் கூட்டி 18 நெல் ரகங்களை வளர்த்துப் பார்த்தார்கள். 2018-இல் வந்த முடிவின்படி, அரிசியில் புரதம் சுமார் 10 சதவீதமும், இரும்பு 8 சதவீதமும், துத்தநாகம் 5 சதவீதமும் குறைந்தன. மூன்று வேளையும் சோறே சாப்பிடும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. சோளம், மக்காச்சோளத்தில் இந்தப் பாதிப்பு குறைவு. கேழ்வரகும் அதே வகை ஒளிச்சேர்க்கைப் பயிர்தான்.

குட்டையில் பிஎச் இறங்கினால் சுண்ணாம்பு போடுகிறோம். ஏரிக்கு அப்படிப் போட முடியாது. ஆனால் தீவனமும் சேறும் கலந்த கழிவுநீர் ஏரியில் அழுகும்போதும் இதே வாயுதான் வருகிறது. அறுவடை முடிந்ததும் மதகைத் திறந்து நேரே கால்வாயில் விடாமல், ஒரு குட்டையை ஒதுக்கிச் சில நாள் தண்ணீரைத் தெளிய வைத்து, அப்புறம் வெளியே விடுங்கள். அடியில் தங்கும் சேற்றையும் கால்வாயில் தள்ளிவிடாதீர்கள்.