நல்லெண்ணெயும் நீள நரம்பும்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அம்மாவுக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். இப்போது இரண்டு கால் விரல்களும் மரத்துப்போய், செருப்பு கழன்று போனால்கூடத் தெரிவதில்லையாம். "சீனி உடம்பு முழுக்க ஓடுகிற இரத்தத்தில்தானே இருக்கிறது, பிறகு ஏன் கால் விரலில் தொடங்குகிறது?" என்று கேட்கிறார்.

இதற்குப் பதில் சொல்ல நம் மலையகத்திலேயே நடந்த ஒரு விஷயத்தில் இருந்து தொடங்குகிறேன். சீனிக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் காலில் தொடங்கும் காரணம் ஒன்றுதான்.

1977, 78ஆம் ஆண்டுகளில் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் இருபது பேருக்கும் மேல் கால் துவண்டு நடக்க முடியாமல் போனார்கள். எல்லோரும் பெண் பிள்ளைகள். எல்லோரும் புதிதாக வயசுக்கு வந்தவர்கள். நம் ஊரில் அந்த வயதில் ஒரு பிள்ளை இப்படி விழுந்தால் தீட்டுப் பட்டுவிட்டது, முனி அடித்துவிட்டது என்று லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகள் முழுக்கப் பேச்சு வரும். மந்திரிக்கவும் கயிறு கட்டவும் ஓடுவோம். அந்த ஓட்டத்தில் கழிகிற நாட்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

பேராதனை மருத்துவ பீடத்தின் நரம்பியல் மருத்துவர் நிமல் சேனாநாயக்கவும், தொழில்சார் நோய்களை ஆராய்ந்த ஜே. ஜெயரத்னமும் இதற்குக் காரணத்தைக் கண்டுபிடித்து, 1981இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். வயசுக்கு வந்த பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கும் நல்லெண்ணெயில் ட்ரைகிரெசில் பொஸ்பேட் என்ற இரசாயனம் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களிலும் பிளாஸ்டிக்கை இளக்குவதற்கும் பயன்படுகிற பொருள் அது. முன்பு கனிம எண்ணெய் இருந்த பாத்திரங்களில் நல்லெண்ணெயை ஏற்றி வந்ததால் கலந்திருக்கலாம் என்று கருதினார்கள். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை என்றே சொல்லலாம். எண்ணெயோடு எண்ணெயாகக் கரைந்துவிடும். அன்போடு ஊற்றிக் கொடுத்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

சரி, குடித்தது வயிற்றுக்குள் போனது. கால் ஏன் விழுந்தது?

காலை அசைக்கிற நரம்பு அணு, அதாவது நரம்புக் கலம், இருப்பது காலில் இல்லை, முதுகுத் தண்டில். அதன் உடல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனால் அதிலிருந்து கிளம்பும் இழை பாதம் வரை போகிறது, கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அணுவின் உடலைப் பத்து மீட்டர் நீளமான ஓர் அறை என்று வைத்துக்கொண்டால், அந்த இழை கண்டியில் இருந்து கொழும்புக்குப் போகிற வீதி அளவுக்கு நீளும். அந்த வீதி முழுவதற்கும் தேவையான புரதங்களில் பெரும்பங்கு அந்த ஓர் அறையில்தான் தயாராகிறது. அங்கிருந்து சுமந்து போகவேண்டும்.

சுமப்பது யார்? கினெசின் என்ற புரதம். அதற்கு இரண்டு கால் போன்ற பாகங்கள் உண்டு. இழைக்குள் தண்டவாளம்போல் நீளும் நுண்குழாய்களின் மேல், முதுகில் மூட்டையோடு, ஒரு காலுக்கு முன் மறு காலை வைத்து உண்மையாகவே நடக்கிறது. கொழுந்துக் கூடையோடு மலை ஏறுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இதை முதலில் படித்த அன்று தூக்கம் வரவில்லை. ஓர் எட்டு வைத்தால் 8 நானோமீட்டர், ஒவ்வோர் எட்டு வைக்கவும் உடலின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவு. பாதம் வரை போக 12 கோடிக்கும் மேற்பட்ட எட்டுகள். ஒரே ஆள் முழுத் தூரமும் நடப்பதில்லை, ஒன்று விலக இன்னொன்று ஏற்று நடக்கிறது. வேகமாகப் போகிற சரக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும், பாதத்துக்கு இரண்டரை நாள். இழையின் சட்டகத்துக்கான புரதங்களோ நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் போனாலே அதிகம். அவை போய்ச்சேரக் கிட்டத்தட்ட மூன்று வருடமாவது ஆகும். உங்கள் பெருவிரல் நுனிக்கு இன்று வருகிற அந்த மெதுவான சரக்கு, ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு முன் கிளம்பியது.

நரம்பு அணுவுக்குள், சவ்வுக் கொழுப்புகளைச் சீராக வைத்திருக்கும் ஒரு நொதி உண்டு. நல்லெண்ணெயில் கலந்திருந்த அந்த விஷம் இதில் ஒட்டிக்கொள்கிறது. அதோடு விட்டால் பரவாயில்லை. ஒட்டிய மூலக்கூறின் ஒரு துண்டு பிறகு உடைந்து போகிறது, மீதி நொதியோடு நிலையாகத் தங்கிவிடுகிறது. பூட்டுக்குள் சாவியை விட்டுத் தலையை ஒடித்த மாதிரி. இந்த இரண்டாவது படி நடந்தால்தான் நரம்பு சாகும். இழையின் பராமரிப்பு குலைகிறது. எல்லாவற்றிலும் நீளமான இழைகளின் கடைசி நுனி முதலில் பட்டுப்போகிறது, பிறகு கொஞ்சம் மேலே, பிறகு இன்னும் மேலே.

இதற்கு ஒன்று முதல் மூன்று வாரம் எடுக்கும். அதற்குள் சடங்கு முடிந்து, பந்தல் பிரித்து, எண்ணெய்ப் போத்தலும் காலியாகியிருக்கும். யார் அந்த எண்ணெயைச் சந்தேகிக்கப் போகிறார்கள்?

நீளத்தின் கணக்கு வார்டில் கண்ணுக்குத் தெரியும். நீரிழிவில் மரப்பு பாதத்தில் இருந்து மெல்ல முழங்கால் வரை ஏறும்போதுதான் கைவிரல் நுனியும் மரக்கத் தொடங்கும். முதுகுத் தண்டில் இருந்து அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். மாணவர்களுக்கு நோயாளியின் கட்டிலருகே இதைச் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியர்களுக்கு நான் கடமைப்பட்டவன்.

சேனாநாயக்க அந்தப் பிள்ளைகளை மூன்று வருடம் தொடர்ந்து பரிசோதித்தார். இவ்வகை விஷத்தில் அது மிக முக்கியம். வெளி நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் மறுபடி வளரும். ஆனால் மூளையில் இருந்து முதுகுத் தண்டு வழியே இறங்குகிற நீள இழைகள் அப்படி வளராது. அதனால் துவண்ட கால் தேறி வரும்போதே, மறைந்திருந்த விறைப்பு வெளியே தெரியும். மூன்று மாதத்தில் ஆய்வை மூடியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. இப்படி வருடக்கணக்கில் பின்தொடரும் ஆய்வுகளுக்குத்தான் நம் நாட்டில் பணம் ஒதுக்கவேண்டும் என்பேன். கிளினிக்குக்கு வந்து போகிற நோயாளியின் பஸ் காசையும், அன்றைக்கு இழக்கிற பேரையும், அதாவது நாட்சம்பளத்தையும், சேர்த்து ஒதுக்கவேண்டும். அரைப்பேர் போனாலே அடுப்பு யோசிக்கிற வீடுகளில் இருந்து வருகிறார்கள்.

வாசகிக்கு: உங்கள் அம்மாவின் காலில் நடப்பதும் இந்த நீளத்தின் பாடுதான். கூடின சீனி நரம்பையும் அதற்கு இரத்தம் கொண்டுபோகும் சின்னஞ்சிறு இரத்தக் குழாய்களையும் மெல்ல வருத்துகிறது, தூரத்து முனை முதலில் தோற்கிறது. அடுத்த கிளினிக் நாளில் பெருவிரலில் இசைக்கவையை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், வெறுங்காலோடு மலைக்கு விடாதீர்கள். இராத்திரி படுக்குமுன் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும், விளக்கு வெளிச்சத்தில் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். காயம் பட்டால் அம்மாவுக்குத் தெரியாது.