சராசரி ஆண்டு என்று ஓர் ஆண்டு வருவதே இல்லை

போன வாரமும் ஓர் ஆண்டுத் திட்டம் என் மேசைக்கு வந்தது. அணை நீரில் குடிநீருக்கு எவ்வளவு, மின் உற்பத்திக்கு எவ்வளவு என்று மாதவாரியாகப் போட்ட அட்டவணை. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. நீர்வரத்துப் பத்தியைப் பார்த்ததும்தான் கோபம் வந்தது: 30 ஆண்டுச் சராசரி! இதே பிழைக்காக நான் திருப்பி அனுப்பிய திட்டங்களுக்குக் கணக்கே இல்லை. கேட்டால் ஒரே பதில்தான். "ரெண்டு மூணு வருஷத்துல சமமாயிடும் சார்."

ஆகாது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். முதல் ஆண்டு அணைக்கு 900 அலகு தண்ணீர் வருகிறது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் 300, 300. சராசரி 500. தேவையும் ஆண்டுக்கு 500தான். அணையில் தேக்க முடிந்தது 250. முதல் ஆண்டில் தேவை போக 400 மிஞ்சும். 250ஐத் தேக்கலாம், 150 வழிந்தோடிவிடும். இரண்டாம் ஆண்டு 300 வரவு, 250 இருப்பு, 500 செலவு, 50 மிஞ்சும். மூன்றாம் ஆண்டு கையில் இருப்பது 350தான், 150 பற்றாக்குறை. மழை ஏமாற்றவில்லை; சராசரி சொன்னபடியே பெய்தது. முதல் ஆண்டு கடலுக்குப் போன அதே 150தான் மூன்றாம் ஆண்டு குழாயில் வராமல் போகிறது. இதில் ஆவியாதலைச் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஆண்டுச் சராசரியைப் பன்னிரண்டால் வகுத்து மாத ஒதுக்கீடு போடுகிறவர்களும் உண்டு. அதைப் பற்றிப் பேசவே எனக்கு மனமில்லை.

அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் நடந்ததைப் பாருங்கள். 1922இல் ஆற்று நீரைப் பங்கிட்டவர்கள் கையில் இருந்தது, வழக்கத்தைவிட ஈரமான சில பத்தாண்டுகளின் பதிவு. அதை நம்பி, ஆண்டுக்கு ஆற்றின் மேல்பகுதிக்கு 75 லட்சம் ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரம் நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி), கீழ்ப்பகுதிக்கு 75 லட்சம் என்று எழுதினார்கள். 1944 ஒப்பந்தத்தில் மெக்சிகோவுக்கு இன்னும் 15 லட்சம். ஆறு அவ்வளவு தரவில்லை. ஹூவர் அணையின் மீட் ஏரி 2022 ஜூலையில், 1930களில் முதன்முதலாக நிரப்பிய காலத்துக்குப் பிறகு காணாத அளவுக்கு இறங்கியது.

நீர்மட்டம் இறங்கினால் மின்சாரமும் அடி வாங்கும். 10 லட்சம் கன மீட்டர் தண்ணீர் 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஏறத்தாழ 2.45 லட்சம் யூனிட் கிடைக்கும். 70 மீட்டராகிவிட்டால் அதே தண்ணீர் 1.7 லட்சம்தான் தரும். அவசரப்பட்டு மட்டத்தை இறக்குகிறவர்கள் கோடையில் ஒவ்வொரு யூனிட்டுக்கும் கூடுதல் தண்ணீர் செலவழிக்கிறார்கள். அதற்காக எந்நேரமும் அணையை நிரம்பவே வைத்திருக்கலாமா? கூடாது, வெள்ளத்துக்கு இடம் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாதாமாதம் மட்டம் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வதுதான் ரூல் கர்வ். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு சுவரில் மாட்டிவிட்டு, மதகைத் தொலைபேசி உத்தரவில் திறக்காதீர்கள்.

ஆப்பிரிக்காவில் ஜாம்பியா–ஜிம்பாப்வே எல்லையில் இருக்கும் கரிபா அணையில் 2022 நவம்பர் கடைசியில் பயன்படும் இருப்பு 4.6 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஜிம்பாப்வே தன் பக்க மின் நிலையத்துக்கு அந்த ஆண்டு ஒதுக்கிய நீரை ஆண்டு முடியும் முன்பே தீர்த்துவிட்டதால், உற்பத்தியை நிறுத்தச் சொல்லி ஆற்று ஆணையத்திடமிருந்து கடிதம் வந்தது. ஒதுக்கீடு தாளில் இருந்தது. நடுவில் நிறுத்தித் திருத்தியிருக்க வேண்டிய மாதங்கள் கடந்துபோயின.

திட்டம் போடுகிறவர்களே, வறண்ட ஆண்டு, நடுத்தர ஆண்டு, ஈரமான ஆண்டு என மூன்று விதமாகக் கணக்கை ஓட்டிப் பாருங்கள். பத்தில் ஒன்பது ஆண்டுகளாவது கிடைக்கும் என்று பதிவு சொல்லும் நீரை வைத்துத்தான் குடிநீருக்கு வாக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் வருவதை உபரி மின்சாரமாக எழுதுங்கள். வறண்ட ஆண்டிலும் தர முடிகிற உறுதியான மின்சாரத்தோடு அதைக் கலக்காதீர்கள். ஆவியாதலை முதலிலேயே கழியுங்கள். அணை கட்டிய நாளில் போட்ட கொள்ளளவு அட்டவணையை ஓரமாகத் தூக்கி வையுங்கள். வண்டல் அந்த இடத்தில் பாதியைத் தின்றிருந்தாலும் அது சொல்லாது. புதிதாக அளந்ததைப் பயன்படுத்துங்கள். மாதம் ஒருமுறை வரவைப் பார்த்து மீதி மாதங்களைத் திருத்துங்கள்.

மின் நிலையத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் டர்பைன் வழியாக விடும் தண்ணீர் அழிந்துபோவதில்லை, கீழே இருப்பவர் அதைக் குடிக்கலாம், உண்மைதான். ஆனால் மாலை உச்ச நேரத்தில் மட்டும் கொட்டினால், கீழே அதைப் பிடித்துவைக்க ஒரு தடுப்பணை இல்லாதவர் எப்படி எடுப்பார்? திறக்கும் நேரத்தை அவர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

குடிநீர் வாரியக்காரர்களும் தயவுசெய்து கேளுங்கள். எப்படியும் வெட்டுவார்கள் என்று தேவையை ஒன்றரை மடங்காக எழுதி அனுப்பாதீர்கள். நாங்களும் அதை எதிர்பார்த்து வெட்டுகிறோம், கடைசியில் உண்மையான எண் யாரிடமும் இருப்பதில்லை. நீராண்டின் (நீர்க்கணக்குக்கான பன்னிரண்டு மாதங்களின்) கடைசி நாளில் அணையில் எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும் என்பதை மூன்று தரப்பும் கையெழுத்திட்டு, திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். போன வாரம் வந்து நான் திருப்பி அனுப்பிய அந்தத் திட்டத்தில் அப்படி ஒரு வரி எங்குமே இல்லை.