குறியீடு ‘மிதமானது’, விடியலில் தொண்டை எரிச்சல்: காற்றை மணிவாரியாக வரைவது எப்படி?

மணலியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “காற்றுத் தரக் குறியீடு 120, ‘மிதமானது’ என்று செல்போன் மஞ்சள் நிறத்தில் காட்டுகிறது. ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளிக்கப் போனால் தொண்டை எரிகிறது. எதை நம்புவது?”

இரண்டையும் நம்பலாம். அந்தக் குறியீட்டில் நுண்துகளின் (பிஎம் 2.5) 24 மணி நேரச் சராசரிதான் சேர்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் காற்றில் 20 மணி நேரம் 40 மைக்ரோகிராம், மீதி 4 மணி நேரம் 200 மைக்ரோகிராம் துகள் இருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி சுமார் 67. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அட்டவணையில் 61 முதல் 90 வரையுள்ள அளவுக்கு 101 முதல் 200 வரை குறியீடு. ஆகவே 67 என்பது சுமார் 120 ஆகிறது, மஞ்சள். நாள் முழுக்க ஒரே சீராக 67 இருந்தாலும் அதே 120, அதே மஞ்சள். அந்த நான்கு மணி நேரம் படத்திலிருந்தே காணாமல் போய்விட்டது.

குடியிருப்போர் சங்கங்களும் பள்ளி அறிவியல் மன்றங்களும் காற்று பற்றிப் படம் போடும்போது வழக்கமாக வார்டு வரைபடத்துக்கு வண்ணம் அடிக்கிறார்கள். அதைத் தவிர்க்கலாம். பரப்பில் பெரிய வார்டு கண்ணை இழுக்கும்; ராயபுரம் போல நெருக்கமாக மக்கள் வாழும் இடம் சிறு துண்டாகச் சுருங்கிவிடும். தவிர, மணலி, கொடுங்கையூர், ராயபுரம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. அவற்றை வைத்து வடசென்னை முழுக்க வண்ணம் அடித்தால் பாதிக்கு மேல் ஊகம்.

மணிவாரிக் கட்டப் படம்தான் இதற்குச் சரியான வழி. நாளுக்கு ஒரு நெடுவரிசை, மணிக்கு ஒரு கிடைவரிசை. 30 நாளுக்கு 720 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மணியின் அளவுக்கேற்ற நிறம். நள்ளிரவில் தொடங்காதீர்கள், முந்தைய நாள் நண்பகல் 12-ஐ மேலே வைத்து மறுநாள் நண்பகலில் முடியுங்கள். அப்போதுதான் இரவு இரண்டாக வெட்டுப்படாமல் நடுவில் முழுதாக நிற்கும்.

இந்தப் படத்தில் தெரிவதைப் பார்க்கும்போதுதான் அதன் அழகு புரியும். டிசம்பர், ஜனவரி மாதங்களுக்கு வரைந்தால், நடுவுக்குக் கீழே விடியற்காலையை ஒட்டி ஒரு கருத்த பட்டை இடமிருந்து வலமாக ஓடும். சூரியன் மறைந்ததும் நிலம் வெப்பத்தை இழக்கிறது, அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்கிறது. மேலே இருப்பது அதைவிடச் சூடான காற்று. குளிர்ந்த காற்று கனமானது, மேலே ஏறாது. சட்டிக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. பகலில் ஆயிரம் மீட்டருக்கு மேலும் பரவிக் கலந்த புகை, இரவில் சில நூறு மீட்டருக்குள் அடைபடுகிறது. புகையின் அளவு கூடாமலே அடர்த்தி பல மடங்காகும். வெயில் ஏறி நிலம் சூடானதும் மூடி கலைகிறது. பிற்பகலில் கடற்காற்றும் சேர்ந்துகொள்ள, பட்டை வெளுக்கிறது.

இதிலேயே இன்னொரு நுணுக்கம் உண்டு. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் புகையும் குப்பை எரியும் புகையும் தரையோடு தரையாக இரவெல்லாம் சேர்கின்றன. உயரமான புகைபோக்கியின் புகையோ மூடிக்கு மேலேயே இரவைக் கழிக்கலாம். காலையில் நிலம் சூடாகி, காற்றின் கலக்கம் அந்த உயரத்தைத் தொடும்போது, அது மொத்தமாகக் கீழே இறங்கும். எட்டு, ஒன்பது மணி வாக்கில் தனியாக ஒரு கருங்கட்டம் தெரிந்தால் அது புகைபோக்கிப் புகையா என்று சந்தேகியுங்கள்; அத்தகைய புகையில் அதிகம் இருக்கக்கூடிய கந்தக டைஆக்சைடு வாயுவின் அதே நாட்களின் அளவுக்கும் ஒரு கட்டப் படம் வரைந்து பக்கத்தில் வையுங்கள். சராசரி எண்ணால் எழுப்பவே முடியாத கேள்வி இது. போகியும் மறைய முடியாது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமானங்கள் தாமதமாயின. அப்படிப்பட்ட நாள் கட்டப் படத்தில் கருத்த நெடுவரிசையாக நிற்கும்.

மார்கழி விடியலில் ஓசோன் தாழ இறங்கி வருகிறது, அதைச் சுவாசித்தால் ஆரோக்கியம் என்று வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் ஒரு செய்தி சுற்றுகிறது. தரைமட்ட ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும் மாசு. தேசியக் குறியீட்டில் உள்ள எட்டு மாசுகளில் அதுவும் ஒன்று. அது உருவாக வெயில் வேண்டும் என்பதால் உச்சம் தொடுவது பெரும்பாலும் பிற்பகலில்தான். விடியலில் கூடுவது நுண்துகள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளையும் முதியவர்களையும் அந்த நேரத்தில் நடைப்பயிற்சிக்கு அனுப்பும் அளவுக்கு இந்த நம்பிக்கை ஊறியிருப்பது வேதனை.

இனி செய்முறை. மத்திய வாரியத்தின் இணையதளத்தில் நிலையத்தைத் தேர்ந்து மணிவாரி அளவுகளை இறக்குங்கள். கருவி நின்றுபோன மணிகள் கட்டாயம் இருக்கும்; அவற்றுக்குச் சுழியம் போட்டால் அந்த மணி தூய காற்றாகத் தெரியும். சாய்கோடு போட்டு விடுங்கள். ஒரே நிறத்தை வெளிறியதிலிருந்து அடர்த்தி வரை ஆறு படிகளாகப் பிரியுங்கள்: 30, 60, 90, 120, 250 ஆகியவை எல்லைகள். பச்சை, சிவப்பு வேண்டாம். நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம், ஜெராக்ஸ் எடுத்தாலும் குழம்பும். 60 என்ற வரம்பு 24 மணி நேரச் சராசரிக்கு உரியது. ஒரு மணியில் 60-ஐத் தாண்டினால் விதிமீறல் என்று எழுதினால் அதிகாரிகள் அந்த ஒரு வரியைக் காட்டியே படத்தைத் தள்ளிவிடுவார்கள்.

ஏ1 தாளைக் குறுக்காக வைத்தால் 84 செ.மீ. அகலம். கட்டம் 2.5 செ.மீ. அகலம், 1.8 செ.மீ. உயரம் என்றால் 75-க்கு 43 செ.மீ.; தலைப்புக்கும் நிற விளக்கத்துக்கும் இடம் மிஞ்சும். நல்ல பார்வை உள்ளவர் 6 மீட்டரிலிருந்து படிக்கக் குறைந்தது 9 மி.மீ. எழுத்து தேவை. ரேஷன் கடை வரிசையில் நிற்கும் முதியவர்களுக்கு அதைப்போல் இரண்டரை மடங்கு வையுங்கள். அடர்நிறத்தின் மேல் வெள்ளைச் சிற்றெழுத்து வேண்டாம்; மை பரவிப் புள்ளி மூடிக்கொள்ளும், ‘ணை’யின் சுழிகளும் அடைபடும். பளபளப்பான ஃப்ளெக்ஸ் வெயிலில் கண்ணைக் கூசும். மங்கலான தாளே நல்லது.

நிலையத்தின் பெயரையும், தாள் ஒட்டிய தெருவுக்கும் நிலையத்துக்கும் உள்ள தூரத்தையும் அடியில் எழுதுங்கள். அடுத்த மாதத் தாளுக்கும் அதே ஐந்து எல்லைகள், அதே ஆறு நிறப்படிகள். மாதத்தின் உச்ச அளவுக்கு ஏற்ப நிறத்தைத் தானாக நீட்டும் வசதி மென்பொருளில் இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஜூலையின் 80-உம் ஜனவரியின் 300-உம் ஒரே கறுப்பில் அச்சாகும்.