வயதான கோழிக்குத் தீனிப்பை அடைத்துக்கொண்டால்

போன மாசியில் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு ஆயா தன் கோழியைக் கூடையில் வைத்து, மேலே பழைய துண்டு ஒன்றைப் போட்டு மூடிக்கொண்டு வந்தார். "ஏழு வருசமாச்சு டாக்டரம்மா, எங்க தெருவுல திரியறதெல்லாம் இதோட குஞ்சுங்கதான். நாலு நாளா இரை எடுக்கல, கழுத்துல கட்டி வந்திருக்குது" என்றார். தொட்டுப் பார்த்தேன். கட்டி இல்லை, தீனிப்பைதான். எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக, பிசைந்து காயவிட்ட மாவு போலக் கெட்டியாக இருந்தது. நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் சதை வற்றி, எலும்பு கத்தி முனை மாதிரி விரலில் தட்டியது. நான்கு நாளில் ஒரு கோழி அவ்வளவு இளைக்காது. பல நாளாகவே அது கொத்திய இரை உள்ளே இறங்காமல் இருந்திருக்கிறது, வெளியே பார்க்கத் தின்பது போலவே தெரிந்திருக்கிறது.

வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழித் தொற்றுநோய் வந்தால் ஊரே பேசுகிறோம், தடுப்பூசி முகாமுக்குக் கோழியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். தீனிப்பை கெட்டுப்போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் நாலைந்து வயது தாண்டிய கோழிகளை என்னிடம் கொண்டுவருகிறவர்களில் நிறையப் பேர் இதற்காகத்தான் வருகிறார்கள், அதுவும் பெரும்பாலும் தாமதமாக. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோழி கொத்துகிற இரை நேராக வயிற்றுக்குப் போவதில்லை. முதலில் கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே, கொஞ்சம் வலதுபக்கமாக இருக்கிற தீனிப்பையில் தங்குகிறது. அங்கே ஊறி, சிறிது சிறிதாகக் கீழே இறங்கி, செரிமான நீர் சுரக்கும் இரைப்பையைத் தாண்டி அரைவைப்பைக்குப் போகிறது. கறிக்கடையில் மஞ்சள் தோலை உரித்துத் தருவார்களே, அந்தக் கெட்டியான பைதான் அரைவைப்பை. பல் இல்லாத கோழிக்கு அதுவும் அதற்குள் இருக்கும் பொடிக்கல்லும்தான் பல். மாலையில் கூண்டில் அடையும்போது தீனிப்பை நிறைந்திருக்கும், விடியும்போது வற்றிப்போய்க் கைக்கே தட்டுப்படாது. இது ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சந்தேகம் வந்தால் இராத்திரி இரையும் தண்ணீரும் எட்டாமல் வைத்து, காலையில் கோழியைத் திறந்துவிடுவதற்கு முன்னால், இன்னும் ஒன்றும் கொத்தாத நேரத்தில், தொட்டுப் பாருங்கள். அப்போதும் பை நிறைந்திருந்தால் ஏதோ சரியில்லை. மத்தியானம் தொட்டுப் பார்த்துவிட்டுப் பை பெருத்திருக்கிறது என்று பயப்பட வேண்டாம், அது தின்ற தீனி.

கையில் எப்படித் தட்டுப்படுகிறது என்பது முக்கியம். கெட்டியாக, உருண்டையாக, அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றால் அது அடைப்பு. தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி தளதளவென்று இருந்து, வாயருகே முகர்ந்தால் புளித்த மாவு வாடையோ கள் வாடையோ அடித்தால் அது புளிப்பு. கோழியின் உடல் சூடு 41 டிகிரிக்கு மேல், அந்தச் சூட்டில் தேங்கிய இரை சீக்கிரம் புளித்துவிடும், அதில் கேண்டிடா என்கிற பூஞ்சை பெருகிவிடும். முற்றிப்போனால் பையின் உள்பக்கம் தடித்து, வெள்ளை வெள்ளையாக டர்க்கி டவல் போல ஆகிவிடுகிறது. மூன்றாவது, தொங்கல். தசை தளர்ந்து பை நிரந்தரமாகத் தொங்கிவிடும், கோழி நடக்கும்போது முன்னால் ஊசலாடும். இது பழையபடி இறுகுவது அரிது. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை இரை கொடுத்து, நார் உள்ள புல்லைத் தவிர்த்து, மெல்லிய பருத்தித் துணியால் மூச்சு இறுகாமல் தாங்கிக் கட்டிவிட்டு, வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிற விஷயம். தயவுசெய்து கோழியைத் தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பெரியவர்கள் செய்து பார்த்திருப்போம், செல்போன் வீடியோக்களிலும் வருகிறது. கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னால் நடுவிலேயே திறந்திருக்கிறது. நமக்கு இருப்பது போல அதை மூடும் மூடி கோழிக்குக் கிடையாது. பையிலிருந்து புளித்த தண்ணீர் திரும்பி வரும்போது கொஞ்சம் அதற்குள் போனாலே போதும். காரிமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு கோழியை மறக்க முடியவில்லை. வீட்டில் மூன்று தடவை கவிழ்த்துப் பிடித்திருக்கிறார்கள், என் மேசைக்கு வரும்போது கொர் கொர் என்று இழுத்துக்கொண்டிருந்தது, அரைமணி நேரத்தில் போய்விட்டது. வந்த நோய் பிழைக்கக்கூடிய நோய். அந்த அண்ணன் பாசத்தில்தான் செய்தார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் இன்னொருவர் அப்படிச் செய்யக்கூடாது. தண்ணீரை இறக்கியே ஆகவேண்டும் என்றால் மருத்துவர் குழாய் விட்டு இறக்குவார்.

அடைப்பு என்று தெரிந்து, கோழி இன்னும் தெம்பாக இருந்தால் வீட்டிலேயே ஒரு நாள் முயன்று பார்க்கலாம். கெட்டி இரையை நிறுத்துங்கள், குடிக்கத் தண்ணீர் இருக்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அலகின் ஓரத்தில் விட்டு அதுவாக விழுங்க விடுங்கள், பிறகு இரண்டு மூன்று மில்லி தேங்காய் எண்ணெயை அதே மாதிரி. சிரிஞ்சியை வாய்க்குள் விட்டு ஒரேயடியாகப் பீய்ச்சக் கூடாது. அப்புறம் கோழியை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு, விரல் நுனியால் பையை மெல்ல உருட்டி உருட்டி நீவுங்கள், ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளில் நான்கைந்து தடவை. சப்பாத்தி மாவைப் பிசைவது போல அழுத்தினால் பை புண்ணாகிவிடும். புளிப்புக்கு எண்ணெய் வேண்டாம், நீவவும் வேண்டாம், நீவினால் உள்ளே இருக்கும் தண்ணீர் மேலே ஏறி அதே மூச்சுக்குழல் ஆபத்துதான். ஏற்கெனவே வற்றிப்போன கோழியை ஒரு நாளுக்குமேல் பட்டினி போடக்கூடாது. மறுநாள் காலையும் பை அப்படியே இருந்தால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கொண்டுவந்துவிடுங்கள்.

இன்னொரு பழக்கம், மெடிக்கலில் டெட்ராசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் கேப்ஸ்யூல் வாங்கி, பிரித்துச் சோற்றில் கலந்து கொடுப்பது. நம் மாவட்டங்களில் கோழிக்கு எது வந்தாலும் இதுதான் முதல் மருந்து. புளிப்புக்குக் காரணம் பூஞ்சை, அந்த மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாது, அதைக் கட்டுக்குள் வைத்திருக்கும் நல்ல கிருமிகளைக் கொன்று பூஞ்சைக்கு இடம்விட்டுக் கொடுக்கும். இரண்டு நாளில் கோழி முன்னைவிட மோசமாகும். புளிப்புக்கு நிஸ்டாட்டின் மாதிரி பூஞ்சை மருந்து வேண்டும். அது உடம்பில் ஏறுகிற மருந்து இல்லை, பையின் உள்தோலில் படவேண்டும், அதனால் பை காலியாக இருக்கும்போது கொடுக்கிறோம். சிலர் தோட்டத்துக்கு வாங்கிய மயில்துத்தத்தை, அதாவது காப்பர் சல்பேட்டை, தண்ணீரில் கலக்கிவிடுகிறார்கள். அளவு கொஞ்சம் கூடினால் அது விஷம், கண் அளவில் போடுகிற பொருள் அல்ல.

பிளேடால் பையைக் கீறி, எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு ஊசி நூலால் தைக்கிற கைவைத்தியம் நம் ஊர்களில் பல தலைமுறையாக இருக்கிறது. அப்படித் தைத்துப் பிழைத்த கோழிகளை நானே பார்த்திருக்கிறேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கோழிக்கு வலி உண்டு, கத்தாமல் இருப்பதால் வலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. அதோடு பையையும் தோலையும் சேர்த்து ஒரே தையலாகப் போட்டுவிடுவார்கள், ஒரு வாரத்தில் கசிந்து, இரை வெளியே வந்து, ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். பைக்குத் தனியாக, தோலுக்குத் தனியாகத் தைக்கவேண்டும், மரத்துப்போகிற ஊசியின் அளவையும் கோழியின் எடைக்குக் கணக்குப் போட்டுத்தான் போடவேண்டும்.

ஆயாவின் கோழிக்கு ஒரு நாள் எண்ணெயும் நீவலும் பார்த்தோம். அசையவில்லை. அவ்வளவு மெலிந்த கோழிக்குக் கத்தி வைக்க எனக்குத் தயக்கம்தான், முதலில் தோலுக்கடியில் குளுக்கோஸ் சலைன் ஏற்றி, சூடாக வைத்திருந்து, மறுநாள் திறந்தேன். உள்ளே காய்ந்த அருகம்புல்லும், தோட்டத்து மண்ணை மூட விரிக்கிற கறுப்பு மல்ச்சிங் ஷீட்டின் கிழிசலும், எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு சிக்கலாகப் பூக்கட்டும் நூலும் இருந்தன. ஆயாவின் மருமகள் வாசலில் உட்கார்ந்து சாமந்தி கட்டுகிறவர், அறுந்து விழுகிற நூலை ஏழு வருடமாகக் கோழிகள் கொத்திக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. பத்து நாள் கூழாக ஊறவைத்த தீவனமும் மசித்த முட்டையும் கொடுக்கச் சொன்னேன், நூலைப் போட ஒரு டப்பா வைக்கச் சொன்னேன். கோழி தேறிவிட்டது. இப்போது முட்டை வைப்பதில்லை. "வெக்காட்டி போவுது, வாசல்ல திரிஞ்சா போதும்" என்கிறார் ஆயா.

ஆனால் வயதான கோழியில் எல்லாக் கதையும் இப்படி முடியாது. இளம் கோழிக்குத் தீனிப்பை அடைத்தால் தின்ற பொருளைத் தேடுவேன், வயதான கோழிக்கு அடைத்தால் உடம்பு முழுவதையும் தேடுவேன். குடல் முழுக்க உருண்டைப்புழு இருந்தாலும் பை இறங்காது. முட்டை வழியில் சிக்கினாலும், வயிற்றுக்குள் முட்டைக்கரு ஒழுகிச் சீழ் பிடித்தாலும், கட்டி வளர்ந்தாலும், குடல் மந்தமாகி அந்தத் தேக்கம் மேலே பையில் வந்து தெரியும். ஓசூரில் மொட்டை மாடியில் வளர்த்த ஒரு வெள்ளை லேயர் கோழிக்கு மூன்று தடவை புளிப்பு வந்தது. மருந்து கொடுத்தால் போகும், நிறுத்தினால் வரும். மூன்றாவது தடவைதான் அதன் அடிவயிற்றை ஒழுங்காகத் தடவிப் பார்த்தேன், தண்ணீர்ப் பை போல வீங்கிக் கிடந்தது. முதல் தடவையே பார்த்திருக்க வேண்டும். அதிகம் முட்டை வைக்கவே உருவாக்கிய இனங்களில் வயதானபின் இந்த வயிற்று வீக்கம் அடிக்கடி வருகிறது. அதற்கு மேல் வேதனைப்பட விடாமல் ஊசி போட்டுத் தூங்கவைத்தோம், அந்த வீட்டுப் பெண்ணும் நானும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அதிலிருந்து தீனிப்பை என்று எந்தக் கோழி வந்தாலும் வயிற்றையும் எச்சத்தையும் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை.

ஒன்றுக்கு மேல் கோழிகள் ஒரே நேரத்தில் கழுத்தைத் தொங்கப்போட்டுப் பச்சையாக, வெள்ளையாகக் கழிந்தால் அது தீனிப்பைக் கோளாறு இல்லை, வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். நோய்க்கோழியைத் தனியே அடைத்துவிட்டு உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது 1962 என்ற இலவச எண்ணை அழையுங்கள்.

மண் வாசலில் திரிகிற கோழி தனக்கு வேண்டிய பொடிக்கல்லைத் தானே தேடிக்கொள்ளும். சிமெண்ட் போட்ட வாசலிலும் மாடியிலும் அதற்கு வழியில்லை, ஒரு கிண்ணத்தில் அரிசியளவு கருங்கல் பொடிக்கல் வையுங்கள். முட்டை ஓடு வைத்திருக்கிறேனே என்பார்கள். அது சுண்ணாம்புச் சத்துக்கு நல்லது, ஆனால் உள்ளே கரைந்துவிடும், அரைக்க ஆகாது. நீளமாக வெட்டிய புல்லையும் வைக்கோலையும் வயதான கோழிக்குப் போடவேண்டாம், பொடியாக நறுக்கிப் போடுங்கள். மீந்த களியை உருண்டையாக வீசாமல் உதிர்த்துப் போடுங்கள், பூசணம் பிடித்ததைக் குப்பைக்கு அனுப்புங்கள்.

கொண்டுவரும்போது கூடையிலோ அட்டைப்பெட்டியிலோ உட்காரவைத்துக் கொண்டுவாருங்கள். போச்சம்பள்ளி சந்தைக்குப் போகிற மாதிரி காலைக் கட்டி, வண்டி ஹேண்டில்பாரில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வந்தால், நான் மேலே எதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சினேனோ அது வழியெல்லாம் நடந்துகொண்டேயிருக்கும். காலையில் போட்ட எச்சத்தை ஒரு தாளில் மடித்து எடுத்துவாருங்கள், கேப்ஸ்யூல் ஏதாவது கொடுத்திருந்தால் அந்த அட்டையையும். கொடுத்துவிட்டோமே, டாக்டர் திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். நான் திட்டமாட்டேன். எது உள்ளே போயிருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து எதைக் கொடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.