நடுகல்லில் இருக்கும் குடத்தில் தங்கம் இல்லை

மறுபடியும் ஒரு நடுகல்லை, சண்டையில் இறந்த வீரனின் நினைவாக நட்ட கல்லை, தோண்டிச் சாய்த்திருக்கிறார்கள். தருமபுரிப் பக்கம், ஊர்ப் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை, எழுதினால் அடுத்த கும்பல் கடப்பாரையோடு கிளம்பும். கல் இரண்டாக உடைந்து, எழுத்து இருந்த மூலை சில்லுசில்லாகக் கிடக்கிறது. பக்கத்தில் இடுப்பளவுக் குழி. புதையல் தேடி வந்தவர்களுக்கு அதில் கிடைத்தது மண்தான். கல்வெட்டுப் படிக்கிறவர்கள் எங்கு போனாலும் இந்தக் குழியைப் பார்க்கிறோம், பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

புதையல் கதை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள்: "கல்லில் குடம் செதுக்கியிருக்கிறதே சார்." ஆமாம், இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் காலக் கற்கள் பலவற்றில் வில்லும் வாளும் பிடித்த வீரனின் காலருகே ஒரு குடம், ஒரு சிமிழ் இருக்கும். அது இறந்தவனுக்குப் படைக்கும் கள். சங்க காலத்திலேயே இந்த வழக்கம் இருந்தது. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின் அவன் நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, சிறு கலத்தில் கள் ஊற்றுவதைப் பார்த்து ஒளவையார் புறநானூற்றில் புலம்புகிறார். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி! பொன்னைப் புதைத்தவன் அதன் மேலேயே ஆளுயரக் கல்லை நட்டு, ஊருக்கே அடையாளம் காட்டுவானா? சூரியனும் சந்திரனும் செதுக்கியிருந்தால் அவை இருக்கும்வரை இந்தப் பெயரும் இருக்கட்டும் என்று பொருள், திசை காட்டும் குறிப்பு இல்லை. இந்தக் கற்களில் இருக்கும் வட்டெழுத்து மந்திரவாதியின் சங்கேதமும் இல்லை, அன்றைய தமிழைச் சாதாரணமாக எழுதிய எழுத்து. அதில் என்ன எழுதியிருக்கிறது என்றால், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எந்த ஊர் மாடுகளைக் கவர்ந்தபோது அல்லது மீட்டபோது பட்டான், அவ்வளவுதான். அந்த நாலு வரிதான் அங்கே இருக்கும் ஒரே செல்வம்.

அதே செங்கம் வட்டாரத்து எடுத்தனூர்க் கல்லையே பாருங்கள். பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப்போய் இறந்திருக்கிறான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன், இரண்டு கள்ளரைக் கடித்து அவனருகே காத்து நின்றதாம். நாயையும் கல்லில் செதுக்கி, பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறதென்றால் அது அந்த ஒரு கல் தப்பியதால். அந்த மூலையை யாராவது கடப்பாரையால் நெம்பியிருந்தால்?

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த கற்களில் உருவம்கூடக் கிடையாது, தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ்பிராமி மட்டுமே. ஒன்று கூடலூர் ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்த தீயன் அந்தவனுக்கு எடுத்தது. துணி துவைக்கும் கல்லாக யாராவது தூக்கிப் போயிருந்தால் நமக்கு அவன் பெயரே தெரிந்திருக்காது.

சரி, நடுகல்லுக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு வருகிறேன். இதைச் செய்பவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, எனக்குத் தெரியும். நடுகல்லையே வேடியப்பன் என்ற சாமியாகத் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டதால்தான் பாதிக் கற்கள் இன்றும் நிற்கின்றன, அதற்காக அந்த ஊர்க்காரர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் எனாமல் பெயிண்ட் வேண்டாம், தயவுசெய்து. இந்த எழுத்துகள் ஆழமில்லாதவை, இரண்டு பூச்சில் நிரம்பிவிடும். அப்புறம் அதைச் சுரண்ட கம்பித் தூரிகையும் ஆசிட்டும் வரும், எழுத்து அதோடு போகும். சிமெண்ட் மேடை கட்டுகிறோம் என்று கல்லின் அடி வரிகளைப் புதைக்காதீர்கள், பல கற்களில் முக்கியமான சொல் அங்கேதான் இருக்கும். கற்பூரத்தைக் கல்லின்மேலேயே கொளுத்தினால் சூட்டில் மேல்பரப்பு செதில் செதிலாக உரியும், இரண்டடி தள்ளி ஒரு தட்டில் கொளுத்துங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டுமென்றால் முன்னால் ஒரு சின்னப் பலிக்கல் போட்டு அதில் ஊற்றுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

படித்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். போட்டோவில் தெளிவாக விழட்டும் என்று சாக்பீஸால் எழுத்தின்மேல் வரைகிறார்கள். நீங்கள் வரைவது உங்கள் ஊகத்தை. பிறகு அந்தப் படத்தைப் பார்க்கிறவருக்குக் கல்லில் என்ன இருந்தது என்றே தெரியாது. மாவும் பூச வேண்டாம். இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், பகலில் ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றிய கல்லில் வரிவரியாக எழுத்து எழும்பும். கல்லின்மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எழுத்தைப் பதிவெடுக்கும் மைப்படி பழகினவர் வேலை, அதை விட்டுவிடுங்கள்.

நடுகல்லில் அம்பு தீட்டித் தீட்டி ஓரம் தேய்ந்து, வழிப்போக்கர்கள் எழுத்தைக் கூட்டிப் படிக்க முடியாமல் விட்டுப் போனதாக அகநானூற்றில் ஒரு பாட்டு இருக்கிறது. அப்போதே நம்மவர்களுக்கு இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது! அன்று அம்பு, இன்று கடப்பாரையும் பொக்லைனும்.

வயலிலோ ஏரிக்கரையிலோ ஒரு கல் கண்டால் புரட்டாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். நிற்கும் இடமும் சேர்ந்துதான் செய்தி, ஏனென்றால் கல்லில் வரும் ஊர்ப்பெயர் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க அந்த இடம்தான் உதவும். பக்கத்தில் ஒரு பேனாவையோ ஸ்கேலையோ வைத்து எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், செல்போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடமும் மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமும் சொல்லுங்கள். சாலை விரிவாக்கம் வந்து கல்லை எடுத்தே ஆக வேண்டுமென்றால், எடுப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். "புதையல் ரகசியம்" என்று தலைப்பு வைத்து வீடியோ போடும் தம்பிகளே, உங்கள் வீடியோவைப் பார்த்துத்தான் அந்தக் கும்பல் இடத்தைத் தெரிந்துகொள்கிறது, நிறுத்துங்கள். நிஜமாகவே பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால்கூட 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் தெரிவித்தாக வேண்டும்.

கல்லைச் சுற்றிப் புதிதாகக் கிளறிய மண்ணோ, எலுமிச்சம்பழமும் குங்குமமும் போட்ட தடமோ தெரிந்தால் அன்றைக்கே காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். ஒரே ராத்திரியில் குழி வெட்டி முடியாவிட்டால் அடுத்த ராத்திரியும் வருவார்கள்.